வெட்டச் சொன்ன காட்டை இப்போது விடச் சொல்கிறார்கள்

பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி பக்கத்து டேன்டீ லயன்களில் வயதான பெண்களோடு உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் காடு வெட்டிய காலத்துக்குப் போய்விடும். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, மலைக்கு வந்த கதை அது. வெட்டிய இடத்தில் குழி எடுத்துத் தேயிலை நாற்று நட்டார்கள். அன்று அது நாட்டுக்குச் செய்யும் வேலை. இன்று அதே மண்ணை மறுபடி காடாக்க வேண்டும் என்கிறார்கள்.

1964 சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா சம்மதித்தது. அவர்களுக்கு வேலை தரத்தான் 1968-ல் தமிழக வனத்துறை நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. 1976-ல் அது டேன்டீ கழகமானது. காட்டைத் தேயிலையாக மாற்றியது வனத்துறையே என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் பள்ளர், பறையர், அருந்ததியர். இவர்களுடைய பாட்டன் பூட்டன்களும் இலங்கை மலைகளில் வெள்ளைத் துரைக்காகக் காடு வெட்டிக் காப்பியும் தேயிலையும் வைத்தவர்கள்தான். இரண்டு நாட்டிலும் வெட்டிய நிலத்தில் ஒரு சென்ட்கூட அவர்கள் பெயரில் இல்லை.

காட்டைப் பற்றிய நினைப்பு இந்த மலையில் பலமுறை மாறியிருக்கிறது. தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளி வெள்ளையர் கண்ணுக்குப் பாழ்நிலமாகத் தெரிந்தது. கற்பூர மரமும் சீகை மரமும் நட்டார்கள். 1879-ல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துரைமார் சுடுவதற்கு விலங்கு மிஞ்ச வேண்டுமே! 1940-ல் முதுமலை சரணாலயம், 1986-ல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம். இப்போது அந்தக் கற்பூர மரமும் சீகையும் அந்நியத் தாவரங்கள் என்று அகற்றப்படுகின்றன. அமெரிக்காவில் 1872-ல் யெல்லோஸ்டோன் பூங்கா அமைந்தபோது, அங்கே காலங்காலமாக நடமாடிய பழங்குடிகள் வெளியே தள்ளப்பட்டார்கள். மனிதர் இல்லாததே காடு என்ற எண்ணம் அங்கிருந்தும் உலகெங்கும் பரவியது.

2022-ல் நஷ்டத்தைக் காரணம் காட்டி, டேன்டீ நிலத்தில் சுமார் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. காடு திரும்ப வருவதில் நமக்கு மறுப்பு இல்லை. கொழுந்து பறிக்காமல் புதர் மண்டிய தேயிலையில் யானை நின்றால் முதலில் எதிர்ப்படுகிறவர் விடிகாலையில் பிரட்டுக்குப் போகும் பெண்தான். ஆனால் யானை வழியில் லயன் கட்டியது அந்தப் பெண் அல்ல.

லயன் வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டும். தேயிலை போனால் வேலை போகும், வேலை போனால் கூரையும் போகும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடிகளோடு பிற பாரம்பரிய வனவாசிகளுக்கும் உரிமை தருகிறது. ஆனால் அப்படி உரிமை கோருபவர், 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 1930 வருகிறது. 1964 ஒப்பந்தத்தால் வந்தவர் 1930-க்கான சான்றுக்கு எங்கே போவார்? சாதிச் சான்றிதழ் கேட்டுப் போகும் இவர்கள் பேரப்பிள்ளைகளிடமும் பூர்வீக ஊர்க் காகிதம்தான் கேட்கப்படுகிறது.

ஆகவே இந்தக் குடும்பங்களுக்கு வன உரிமைச் சட்டத்தில் வழியில்லை. அரசு தனியாக ஆணை போட்டால்தான் உண்டு. நிலத்தைக் கைமாற்றும் முன் வீட்டுமனைப் பட்டா கொடுக்க வேண்டும், அதுவும் குடும்பத்துப் பெண் பெயரில். உண்ணிச்செடி பிடுங்கவும், சோலை மர நாற்று வளர்க்கவும், புல்வெளியை மீட்கவும் வருஷக்கணக்கில் ஆள் வேண்டும். நாற்றங்காலும் சரிவும் மழையும் அறிந்த கைகள் லயன்களில் இருக்கின்றன. அந்த வேலையை ஒப்பந்தக்காரர் வெளியூர் ஆட்களைக் கொண்டு முடித்துவிடும் முன், இவர்களுக்கு முதல் உரிமை என்று ஆணையிலேயே எழுத வேண்டும்.