படைவீரரின் விதவையைப் பேணும் மகளுக்கு ஊதியம் உண்டா?

முதுமையில் தளர்ந்த தாயைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவெல்லாம் விழித்திருக்கும் மகளின் உழைப்பைக் கடமை என்று போற்றுகிறோம். அதற்காக வேலையைத் துறந்த அவள் தன் செலவுக்கு என்ன செய்வாள் என்று கேட்பார் சிலரே. அமெரிக்காவில், மறைந்த முன்னாள் படைவீரரின் மனைவியைப் பேணுவோருக்கு இக்கேள்விக்கான விடையொன்று சட்டத்திலேயே உண்டு.

போரில் நின்றவரை மட்டுமன்றி, அவருடைய விதவையையும் அநாதைக் குழந்தையையும் காப்பது நாட்டின் பொறுப்பு என்று அதிபர் ஆபிரகாம் லிங்கன் 1865ஆம் ஆண்டில் அறிவித்தார். ஆயினும் பராமரிப்பாளருக்கு நேரடியாக உதவித்தொகை வழங்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டம், உயிருடன் இருக்கும் படைவீரரைப் பேணுவோருக்கே உரியது. விதவையைப் பேணுவோருக்கு அதில் இடமில்லை.

அவர்களுக்கு வேறொரு வழி உள்ளது. போர்க்காலத்தில் பணியாற்றியவரின் விதவைக்கு, வருமானம் குறைவாயின், ஓய்வூதியம் உண்டு. கணவர் போரில்தான் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை. குளிக்கவும் உடுத்தவும் பிறர் துணை வேண்டும் என்று மருத்துவர் சான்றளித்தால் 'எய்ட் அண்ட் அட்டென்டன்ஸ்' என்னும் கூடுதல் தொகையும் சேரும். 2024 டிசம்பர் முதல் 2025 நவம்பர் வரை, பிள்ளைகளைச் சார்ந்தோராகக் கொண்டிராத விதவைக்கு இதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 18,187 டாலர்.

இத்தொகை மகளுக்கன்று, தாய்க்கே வரும் என்பதை முதலில் உணர வேண்டும். தாய் மகளுக்குக் கொடுக்கும் ஊதியம் மருத்துவச் செலவாகக் கணக்கில் கொள்ளப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டு: தாயின் ஆண்டு வருமானம் 16,800 டாலர். மகளுக்கு மாதம் 1,000 வீதம் ஆண்டுக்கு 12,000 கொடுக்கிறார். சட்டப்படி முதல் 569 டாலரை விடுத்து, 11,431 டாலர் கழிக்கப்படும். எஞ்சும் வருமானம் 5,369. ஆகவே ஓய்வூதியம் 12,818 டாலர், அதாவது மாதம் ஏறத்தாழ 1,068. மகளின் ஊதியத்துக்கு அதுவே ஈடாகிவிடுகிறது. ஊதியம் கொடுக்காதிருந்தால் அத்தாய்க்கு ஆண்டுக்கு 1,387 டாலர் மட்டுமே கிடைத்திருக்கும்.

ஆனால் கொடுத்தது மெய்யாகவே கொடுத்ததாக இருத்தல் வேண்டும். தாயும் மகளும் எழுத்தில் ஒப்பந்தம் செய்து, பணிநேரத்தையும் தொகையையும் குறித்து, பற்றுச்சீட்டுகளைப் பாதுகாத்தல் அவசியம். அது மகளின் வருமானமாதலால் வரிக்கும் உட்படும். வீட்டை நீங்கலாகக் கொண்டு, வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடும் சொத்து மதிப்பு அதே காலத்தில் 159,240 டாலரைத் தாண்டலாகாது. தகுதிக்காக முந்தைய மூன்றாண்டுகளில் சொத்தைப் பிறர் பெயருக்கு மாற்றியிருந்தால், ஐந்தாண்டு வரை உதவி தடைப்படலாம். மறுமணம் செய்தவர் பொதுவாகத் தகுதி பெறார்.

முதல் விண்ணப்பத்தை எழுதித் தரக் கட்டணம் வாங்குவது அங்குச் சட்ட விரோதம். அங்கீகாரம் பெற்ற படைவீரர் நல அலுவலர்கள் அதனை இலவசமாகவே செய்து தருகின்றனர். பணம் கேட்டு வருவோரை வாசலிலேயே நிறுத்திவிடுதல் நன்று.

அன்பினால் செய்யும் பணிக்கு ஊதியம் கேட்பது இழிவென்று பல மகள்கள் தயங்குகின்றனர். பேணுபவள் வறுமையில் வீழ்ந்தால் பேணப்படுபவளும் உடன் வீழ்வாள் அன்றோ? இந்த ஊதியம் இருவரையும் தாங்கும் ஊன்றுகோல்.