06 பிளேட் பெட்ரோல்

லண்டனின் ஈஸ்ட்ஹாமிலோ வெம்பிளியிலோ தமிழர் ஒருவர் பழைய கார் பார்க்கப் போனால் எடுத்த எடுப்பில் கேட்பது, "அண்ணை, என்ன பிளேட்?" அடுத்த கேள்வி, "யூலெஸ் காசு கட்ட வேணுமோ?" இரண்டுக்கும் தோதான பதில் வந்த பிறகுதான் பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள். விலை பேசுவதெல்லாம் அதற்கும் பிறகு.

பிளேட் என்பது நம்பர் பிளேட்டின் நடுவில் வரும் இரண்டு இலக்கம். 2001 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் பதிவாகும் கார்கள் தங்கள் வயதை நெற்றியில் எழுதிக்கொண்டுதான் திரிகின்றன. 06 என்றால் 2006 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பதிவானது. 56 என்றால் அந்த ஆண்டு செப்டம்பர் முதல் மறு பிப்ரவரி வரை. வயதை மறைத்து விற்பது எளிதல்ல.

யூலெஸ் என்பது புகை குறைந்த வாகனங்களுக்கான மண்டலம். 2019 ஏப்ரலில் நகரின் மையத்தில் தொடங்கி, 2021 அக்டோபரில் வடக்கு, தெற்கு வட்டச் சாலைகள் வரை விரிந்து, 2023 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் முழுவதையும் வளைத்துக்கொண்டது. விதிக்குப் பொருந்தாத காரை வீட்டு வாசலிலிருந்து எடுத்து மளிகைக்கடை வரை ஓட்டினாலும் அன்றைக்கு 12.50 பவுண்ட். 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச மணிக்கூலியே 12.21 பவுண்ட்தான். ஒரு மணி நேர உழைப்பு சாவியைத் திருகியதும் போய்விடுகிறது. கட்ட மறந்தால் 180 பவுண்ட் அபராதம், பதினான்கு நாளுக்குள் கட்டினால் பாதி.

வேடிக்கை என்னவென்றால், இந்த விதி காரின் வயதைப் பார்ப்பதில்லை. பெட்ரோலுக்கு யூரோ 4, டீசலுக்கு யூரோ 6 என்ற புகைத் தரம்தான் கணக்கு. அதனால் இருபது வயதான 06 பிளேட் ஹோண்டா ஜாஸ் யூலெஸுக்கு ஒரு பைசா கட்டாமல் நகரெங்கும் ஓடுகிறது. அதைவிட ஒன்பது வயது இளையதான 15 பிளேட் டீசல் கார்களில் பெரும்பாலானவை தினமும் கப்பம் கட்டுகின்றன. டெல்லியில் பத்து வயது டீசலும் பதினைந்து வயது பெட்ரோலும் ஓடக்கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோது வயதுதான் அளவுகோலாக இருந்தது. இரண்டில் லண்டனின் கணக்கே நியாயமானது என்பேன். பழையது என்பதற்காக மட்டும் ஒரு வண்டியைத் தண்டிக்க அதில் இடமில்லை.

ஆனால் டீசல்காரர்களின் கோபத்திலும் பொருள் இருக்கிறது. 2001இல் சாலை வரியை கார்பன் டை ஆக்சைடு அளவோடு முடிச்சுப் போட்டது பிரிட்டிஷ் அரசுதான். ஒரு மைலுக்கு டீசல் விடும் கார்பன் குறைவு, வரியும் குறைவு. மக்கள் கூட்டமாக டீசலுக்கு மாறினார்கள். அது கக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் நுண்துகள்களையும் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2015இல் ஃபோக்ஸ்வாகன் சோதனையில் செய்த மோசடி வெளியானபோதுதான் விழித்துக்கொண்டார்கள். தெற்கு வட்டச் சாலையை ஒட்டி வாழ்ந்து, 2013இல் ஆஸ்துமாவால் இறந்த எல்லா என்ற ஒன்பது வயதுச் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அதற்குப் பிறகு யூலெஸ் வேண்டாம் என்று வாதாட எனக்கு மனம் வராது. ஆனால் பழைய காரை ஒப்படைத்தால் 2,000 பவுண்ட் தந்த திட்டம் தொடக்கத்தில் அரசு உதவித்தொகை பெறுவோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும் என்றிருந்தது. எல்லா லண்டன்வாசிகளுக்கும் அது திறந்தது 2023 ஆகஸ்டில், அதாவது கட்டணம் லண்டன் முழுவதற்கும் விரிந்த அதே மாதம். ஏற்பாடு மட்டும் சொதப்பல்.

சரி, பிளேட் பொருந்திவிட்டது. அடுத்து எம்.ஓ.டி. 1960இல் வந்த தகுதித் தேர்வு இது. மூன்று வயதானதிலிருந்து கார் ஆண்டுதோறும் எழுத வேண்டிய பரீட்சை. காருக்கு உச்சக் கட்டணம் 54.85 பவுண்ட். பிரேக், ஸ்டியரிங், விளக்கு, சீட் பெல்ட், புகை எல்லாம் பார்ப்பார்கள். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் எந்த நிலையில் இருக்கின்றன என்பது இந்தத் தேர்வின் வேலையில்லை. பலருக்கு இது தெரியாது. "போன வாரம்தான் எம்.ஓ.டி பாஸ்" என்று விற்பவர் அழுத்திச் சொன்னால் கிளட்ச்சை ஒருமுறை கூடுதலாக மிதித்துப் பாருங்கள்.

இந்தத் தேர்வின் உண்மையான அருமை அதன் வரலாற்றில் இருக்கிறது. அரசின் இணையதளத்தில் கார் எண்ணைத் தட்டினால் 2005 முதலான தேர்வு முடிவுகள் இலவசமாகக் கிடைக்கும். எந்த ஆண்டு எத்தனை மைல், எதில் தோற்றது, 'அட்வைசரி' என்று எதை எச்சரித்தார்கள் என்று காரின் ஜாதகமே விரியும். பின்பக்க பிரேக் குழாயில் துரு என்று மூன்று ஆண்டுகளாக எழுதியிருந்தும் கவனிக்காத உரிமையாளர் ஆயிலை மட்டும் ஒழுங்காக மாற்றியிருப்பார் என்று நம்ப முடியுமா? குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு இங்கே கார்களின் அடிவயிற்றை அரிக்கிறது. தெருவுக்குத் தெரு இருக்கும் வேகத்தடை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை முறிக்கிறது. இரண்டும் அந்தப் பட்டியலில் மாட்டிக்கொள்ளும்.

லண்டனின் பல கராஜுகள் ரயில் பாலத்து வளைவுகளுக்கு அடியில் இயங்குகின்றன. தேர்வும் அங்கேயே, பழுதுபார்ப்பும் அங்கேயே என்பதால் சிலருக்குச் சந்தேகம் வரும். அப்படிப்பட்டவர்களுக்கு உள்ளூராட்சி மன்றங்களின் தேர்வு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே பொதுமக்களின் காரைச் சோதிப்பார்கள், பழுதுபார்க்க மாட்டார்கள். இல்லாத பழுதைக் கண்டுபிடித்து அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

புதிய காரின் வசதிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பழைய காரோட்டிகளின் குரல் உயர்கிறது. ஏசியைக் குறைக்கத் தொடுதிரையில் மூன்று அடுக்கு இறங்க வேண்டியிருக்கிறது என்பது முதல் புகார். அது கிழவர்களின் புலம்பல் மட்டுமல்ல. இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கைக்குத் தட்டுப்படும் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பே 2026 முதல் விதி வைத்திருக்கிறது. சாவி போடாமல் திறக்கும் கார் இன்னொரு தலைவலி. வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சமிக்ஞையை வாசலில் நின்றே இழுத்துக் கடத்தி, திருடர்கள் காரை ஓட்டிப் போகிறார்கள். சாவியைத் தகர டப்பாவில் வைத்து மூடுகிற வீடுகளும் உண்டு.

பழைய ஜாஸ் இந்தத் தொல்லையிலிருந்து தப்பியது. ஆனால் திருடர்களிடமிருந்து முழுதாகத் தப்பவில்லை: அதன் அடியிலும் டொயோட்டா ப்ரியஸின் அடியிலும் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பல்லேடியமும் ரோடியமும் உண்டு. திருடர்கள் சில நிமிடங்களில் அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கராஜில் சொல்லி ஓர் இரும்புக் காப்பு போட்டுவிடுவது நல்லது.

வாங்கிவிட்டீர்களா? எம்.ஓ.டி முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் தேர்வை முடித்தால் அடுத்த ஆண்டின் தேதி மாறாது. எம்.ஓ.டி இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண்ட் வரை அபராதம். முன்பதிவு செய்த தேர்வுக்கோ பழுதுபார்ப்புக்கோ போகும் பயணத்துக்கு மட்டுமே விலக்கு.