கட்டத் துணியின் நல்ல பக்கம்

ஆடையாகத் தைக்கும்போது வெளியே தெரிய வேண்டிய பக்கத்தைத் தையற்காரர்கள் 'நல்ல பக்கம்' என்றும், உடலை ஒட்டி இருக்கும் பக்கத்தை 'உள்பக்கம்' என்றும் சொல்வார்கள். அச்சிட்ட துணியில் இது ஒரு பிரச்சினையே அல்ல. சாயம் பளிச்சென்று தெரிவது நல்ல பக்கம், மங்கிக் கிடப்பது உள்பக்கம். கட்டம் போட்ட துணியில்தான் குழப்பம் வருகிறது. அதில் நூலுக்கு முதலிலேயே சாயம் ஏற்றி, பிறகு நெய்கிறார்கள். சாயம் நூலின் உள்ளே இருப்பதால் துணியைப் புரட்டினாலும் அதே நிறம்தான் தெரியும். அப்படியானால் இரண்டு பக்கமும் ஒன்றுதானா? சில துணிகளில் ஆம், சிலவற்றில் இல்லை. எது எந்த வகை என்பதை நெசவுதான் தீர்மானிக்கிறது.

சாதா நெசவு

குமரி மாவட்டத்தில் வடசேரி, இரணியல் ஆகியவை பழைய நெசவு ஊர்கள். நாஞ்சில் நாட்டார் உடுத்தும் சாரம் (பிற மாவட்டங்களில் கைலி, லுங்கி), குளித்துத் துவட்டும் துவர்த்து, வேட்டி எல்லாம் பெரும்பாலும் சாதா நெசவுதான். ஊடை நூல் ஒரு பாவு நூலின் மேலும் அடுத்ததன் கீழும் மாறி மாறிச் செல்கிறது. மேலே வரும் நூல்களும் கீழே போகும் நூல்களும் சரிபாதி. ஆகவே துணிக்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை. சாரத்தை எந்தப் பக்கம் திருப்பி உடுத்தினாலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. காலையில் அவசரமாகக் கிளம்புகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்தது. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டு, திருவனந்தபுரத்துக்கு அருகே குடியமர்த்தப்பட்டன. அந்த ஊரே பாலராமபுரம். அங்கு குழித்தறியில் நெய்யும் கசவு வேட்டியிலும் சேலையிலும் கரை இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். சரிகையைத் தனியாக மேலே பதிக்காமல், பாவிலோ ஊடையிலோ பருத்தி நூலின் இடத்திலேயே சேர்த்து நெய்வதால் இது முடிகிறது. புட்டா வைத்த பட்டுச் சேலையில் அப்படி இல்லை. பூ உருவத்துக்கான கூடுதல் ஊடை, பூ இல்லாத இடங்களில் பின்புறமாகத் தொங்கலாக ஓடும். அந்த நூல் ஓட்டத்தைப் பார்த்தாலே உள்பக்கம் எது என்று தெரிந்துவிடும்.

சாய்வரி நெசவும் டார்ட்டனும்

ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடை போன்ற உடையான கில்ட், டார்ட்டன் எனப்படும் கம்பளிக் கட்டத் துணியால் ஆனது. குடியரசு நாள் அணிவகுப்பில் பேக்பைப் வாசிக்கும் படைக் குழுவினரின் தோளில் கிடக்கும் கட்டத் துணியும் டார்ட்டன் வகையே. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய கட்டம் போட்ட சாரம் போலத்தான் இருக்கும். 'மெட்ராஸ் செக்ஸ்' என்று உலகம் அறிந்த நம் கட்டத் துணி, ஹைலாந்துப் படைகளின் டார்ட்டனைப் பார்த்து உருவானது என்று சொல்வதும் உண்டு. அந்தப் படைகள் தென்னிந்தியாவில் இருந்தது உண்மை. 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் அவை இருந்தன. ஆனால் சென்னைக் கரையிலிருந்து கட்டத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது அதற்கு வெகுகாலம் முன்பே. பாவிலும் ஊடையிலும் நிறம் மாற்றினால் கட்டம் தானாக விழும். இதை ஒருவர் மற்றவரிடம் கற்க வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு நெசவில் இருக்கிறது. டார்ட்டனில் ஊடை நூல் இரண்டு பாவு நூல்களின் மேல் சென்று, அடுத்த இரண்டின் கீழ் செல்கிறது. அடுத்த வரிசையில் இதே ஓட்டம் ஒரு நூல் தள்ளித் தொடங்குகிறது. இப்படித் தள்ளித் தள்ளிப் போவதால் துணி முழுவதும் மெல்லிய சாய்வுக் கோடுகள் தோன்றுகின்றன. இதுவே சாய்வரி நெசவு, அதாவது ட்வில்.

ஜீன்ஸ் துணியும் ட்வில்தான். அதில் நீலப் பாவு மூன்று வெள்ளை ஊடைகளின் மேல் சென்று, ஒன்றின் கீழ் செல்கிறது. அதனால் வெளியே நீலம், உள்ளே வெளுப்பு. டார்ட்டனில் மேல் இரண்டு, கீழ் இரண்டு என்று சமமாக இருப்பதால் நிறம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் தெரிகிறது. சாய்வுக் கோட்டின் திசை மட்டும் மாறுகிறது. ஒரு பக்கம் கோடு இடமிருந்து வலமாக மேலேறினால், புரட்டிய பக்கத்தில் வலமிருந்து இடமாக மேலேறும். மெல்லிய காகிதத்தில் ஒரு சாய்கோடு போட்டு, பின்புறமிருந்து வெளிச்சத்தில் பார்த்தால் இது விளங்கும். காகிதத்தைப் புரட்டாமல் தலைகீழாகச் சுற்றினால் திசை மாறாது. தைப்பவருக்கு இந்த ஒரு விஷயம் மிக முக்கியம்.

மரபான கில்ட் ஒன்றுக்கு 8 கெஜம், அதாவது ஏறக்குறைய 7.3 மீட்டர் துணி தேவை. பெரும்பாலும் 4 கெஜம் இரட்டை அகலத் துணியை வாங்கி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து இணைக்கிறார்கள். கில்ட்டின் கீழ் விளிம்பை மடித்துத் தைப்பதில்லை. துணியின் கரையே விளிம்பாக நிற்கும். பிளந்த இரு துண்டுகளில் ஒன்றுக்குக் கரை இடப்புறமும் மற்றதற்கு வலப்புறமும் இருக்கும். இரண்டின் கரையும் கீழே வர வேண்டுமானால் ஒன்றைத் திருப்பித்தான் ஆக வேண்டும். தலைகீழாகச் சுற்றினால் நல்ல பக்கம் நல்ல பக்கமாகவே இருக்கும். புரட்டிவிட்டால் சாய்வுக் கோடு எதிர்த்திசையில் ஓடும், அதன்மேல் ஒளி படும் விதமும் மாறும். மடிப்புகள் எல்லாம் முடிந்த பிறகு, பாதி உடை வேறு துணியில் தைத்தது போலத் தோன்றினால் காரணம் அதுதான். அதற்குள் கையால் போட்ட தையல் நாள்கணக்கில் போயிருக்கும்.

நல்ல பக்கத்தைக் கண்டுபிடிக்க முடிச்சுகளைத் தேடுவது நல்ல வழி. நெய்யும்போது அறுந்த நூல்களின் முடிச்சையும் சீர்செய்த தடத்தையும் பின்பக்கம் தள்ளிவிடுவார்கள். இரு பக்கமும் சுத்தமாக இருந்தால், தைப்பவர் ஒரு பக்கத்தைத் தானே முடிவு செய்து, மறுபக்கம் முழுவதும் சாக்குக்கட்டியால் குறி போட்டுக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தாலும் பரவாயில்லை, கடைசிவரை மாறாமல் இருக்க வேண்டும்.

நிற வரிசை

வெள்ளை, சிவப்பு, பச்சை, சிவப்பு, வெள்ளை என்று வரும் வரிசையை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. பெரும்பாலான டார்ட்டன்கள் இப்படிச் சமச்சீரானவை. வெள்ளை, சிவப்பு, பச்சை, மீண்டும் வெள்ளை, சிவப்பு, பச்சை என்று போகும் வரிசையைத் திருப்பிப் படித்தால் வெள்ளை, பச்சை, சிவப்பு என்று ஆகிவிடும். புக்கானன் குலத்தின் டார்ட்டன் இவ்வாறு சமச்சீர் இல்லாதது. இத்தகைய துணியில் இரட்டை அகலத்தைப் பிளந்து இணைக்கும் வழி உதவாது, ஒற்றை அகலத்தில் நெய்ததே வேண்டும்.

சாதா நெசவுக் கட்டத்திலும் வரிசை சமச்சீராக இல்லாவிட்டால் இதே சிக்கல் வரும். பாவில் மட்டும் அப்படி இருந்தால், புரண்டுபோன துண்டைத் தலைகீழாகச் சுற்றிச் சரிசெய்துவிடலாம். பாவு, ஊடை இரண்டிலும் அப்படி என்றால் வழியே இல்லை.

தமிழ்நாட்டில் அரசு வழங்கும் விலையில்லாப் பள்ளிச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் தைக்கிறார்கள். கூலி உருப்படிக்கு இவ்வளவு என்ற கணக்கு. சட்டையின் இரண்டு கைகளையும் தவறிப்போய் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டால், சமச்சீர்க் கட்டம் போட்ட சாதா நெசவுத் துணியில் ஒன்றைப் புரட்டி மறு கையாக்கிக்கொள்ளலாம். ட்வில் துணியில் அந்தத் துண்டு வீண்தான். அதனால் அனுபவமுள்ளவர்கள் புதுக் கட்டு வந்ததும் முதலில் ஒரு மூலையை மடித்து, நல்ல பக்கத்தையும் உள்பக்கத்தையும் அருகருகே வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள்.  கத்தரிக்கோலைக் கையில் எடுப்பது அதன் பிறகுதான்.