கடற்கரை மணலும் கரும்புப் பாகும்

சித்தூர் வட்டத்தில் வாழும் நமக்கு ‘ஆல்கஹால்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் கள்ளும் சாராயமுமே நினைவுக்கு வருதல் இயல்பு. நல்லேப்பிள்ளியைச் சூழ்ந்த பகுதித் தோப்புகளில் இறக்கப்பெறும் தென்னங்கள் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கும் செல்கின்றதன்றோ! ஆயினும், இரசாயன நூலார் ஆல்கஹால் என்று வழங்குவது ஒரு தனிப் பொருளை அன்று. ஒரு பெருங் குடும்பத்தை. பிராணவாயு அணு ஒன்றும் ஹைட்ரஜன் அணு ஒன்றும் சேர்ந்த இணை, கரி அணுவோடு ஒட்டி நிற்பதே அக்குடும்பத்தின் அடையாளம். அவற்றுட் பல குடித்தால் உயிரை மாய்க்கும் நஞ்சு. ஆனால் மருந்து, பிசின், ரப்பர் முதலியன செய்யும் தொழிலுக்கு அவை பெருந்துணை.

இத்தகைய இணை இரண்டு அமைந்த பொருளுக்கு ‘டையால்’ என்று பெயர். மேனோன்பாறையில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில் அதற்குக் கரும்பு அனுப்பிய குடும்பங்கள் கழிவுப்பாகை அறியும். அந்தப் பாகை உண்டு 2,3-பியூட்டேன் டையாலை ஆக்கித் தரும் நுண்ணுயிர்கள் உண்டு. எண்ணெயினின்று சோப்புச் செய்கையில் பிரியும் கிளிசரினிலிருந்து 1,3-புரோப்பேன் டையாலை ஆக்குவனவும் உண்டு. வயலில் விளைவதிலிருந்து டையால் கிடைக்கும் என்பது இதனால் விளங்கும்.

இனிமேல்தான் சிக்கல். டையாலின் இரண்டு இணைகளுள் ஒன்றை மட்டும் நீராக வெளியேற்றி, மற்றொன்றை நிலைநிறுத்தினால் விலைமிக்க ஆல்கஹால் கிடைக்கும். வழக்கமான அமிலத்தைக் கொண்டு இதனைச் செய்யப் புகுந்தால், அது அளவறிந்து நிற்பதில்லை. 1,4-பியூட்டேன் டையாலை அமிலத்தோடு சூடாக்கினால், மூலக்கூறு வளையமாக மூடிக்கொண்டு வேறொரு பொருளாகிவிடுகிறது. களை பறிக்கச் சொன்னால் பயிரையும் சேர்த்துப் பறிக்கும் வேலையாளைப் போன்றது அமிலம் எனலாம்.

களையை மட்டும் பறிக்கும் கையாக வாய்த்தது ஓர் உலோக ஆக்ஸைடு. ஜப்பான் நாட்டுச் சிபா பல்கலைக்கழகத்தில் சதோஷி சாத்தோவும் அவர்தம் குழுவினரும் 2003-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். சீரியம் ஆக்ஸைடு என்னும் தூளை ஏறத்தாழ 325 டிகிரி வெப்பத்தில் வைத்து, அதன்மேல் டையாலின் ஆவியைச் செலுத்தினர். சீரியம் பிராணவாயுவை எளிதில் விடும், எளிதில் ஏற்கும். ஆகவே அதன் மேற்பரப்பில் ஆங்காங்கே பிராணவாயு நீங்கிய வெற்றிடங்கள் தோன்றுகின்றன. டையால் தன் இரு இணைகளையும் அவ்விடத்தில் ஊன்றி அமர, நடுக்கரியிலுள்ள ஹைட்ரஜன் கழல்கிறது, ஓர் இணை நீராகி விலகுகிறது, மற்றது தங்கிவிடுகிறது. 1,3-புரோப்பேன் டையால் இவ்வாறே அல்லைல் ஆல்கஹாலாக மாறுகிறது. கரும்புப் பாகு தரும் 2,3-பியூட்டேன் டையாலுக்குச் சிர்க்கோனியம் ஆக்ஸைடு ஏற்றது. அதனால் கிடைக்கும் ஆல்கஹாலிலிருந்து மேலும் ஒரு நீரைப் பிரித்தால், வண்டிச் சக்கரத்து ரப்பருக்கு மூலமான பியூட்டாடையீன் கிட்டும்.

இந்தச் சீரியமும் சிர்க்கோனியமும் எங்கே உள்ளன? 1956-இல் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் இரண்டும் உள்ளன! கயிற்று நாரில் ஒட்டி ஜெர்மனி சென்ற மணலைக் கண்டு, 1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் அங்கே மோனசைட்டு இருப்பதை அறிந்தார். திருவிழாக்களில் நாம் ஏற்றிய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலில் நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஆக்ஸைடு. ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடு. அந்த ஒரு பங்கே ஒளிக்கு உயிர். மணலோ கப்பலேறிப் போயிற்று. மேண்டில் விலைப்பொருளாகத் திரும்பி வந்தது. 1950-இல் இந்திய அருமண் நிறுவனமும், 1952-இல் ஆலுவாய் ஆலையும் எழுந்த பின்னரே அம்மணலைப் பிரித்தெடுக்கும் தொழில் நம் கைக்கு வந்தது.

இதில் கவலைக்கு இடமும் உண்டு. அம்மணலில் தோரியம் இருப்பதால் கதிரியக்கமும் இருக்கிறது. அள்ளும் ஊரார் அஞ்சுவதில் நியாயம் உண்டு. அவர்கள் நலத்தைக் காவாத தொழில் நெடுநாள் நில்லாது. பெட்ரோலியத்திலிருந்து மலிவாகச் செய்யும் முறைகளோடு இப்புதுமுறை போட்டியிடவும் வேண்டும். சூட்டில் தூளின்மேல் கரி படிந்து வேகம் குன்றுவதையும் நீக்கவேண்டும்.

அன்பர்களே! மணல் நம்முடையது, பாகு நம்முடையது. இரண்டையும் இணைக்கும் அறிவு மட்டும் கடல் கடந்து பிறந்தது. மண்வளம் பிறப்பால் வரும். அறிவுவளம் உழைப்பால்தான் வரும். பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்த நம் குடும்பங்களுக்கு இது புதிய பாடமன்று. நம் வீட்டுப் பிள்ளைகளுள் எவரேனும் இரசாயனம் கற்க விரும்பினால், “அதனால் என்ன பயன்?” என்று தடுக்காதீர்கள். நம் மணலின் மதிப்பை அயலார் வந்து சொல்லக் கேட்டது ஒரு முறையே போதும்.