கோடை ஞாயிறுகளில் தில்லி: குளிரும் ரயில், கொதிக்கும் கடைசி கிலோ மீட்டர்

மே, ஜூன் மாதங்களின் சனி, ஞாயிற்றுக்கிழமைகளில் தில்லி மெட்ரோ ரயிலில் ஏறுவோர் பெரும்பாலும் அலுவலகம் செல்பவர்கள் அல்லர். பள்ளிகளுக்கு விடுமுறை, வெளி மாநிலங்களிலிருந்து உறவினர்கள் வந்திறங்கும் காலம். செங்கோட்டை, குதுப் மினார், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், இந்தியா கேட் என்று பட்டியல் போட்டுக்கொண்டு, தோளில் தண்ணீர் பாட்டிலும் கையில் குழந்தையுமாகக் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். சொந்தக் கார் இல்லாத, நாள் முழுவதும் வாடகைக் கார் வைத்துக்கொள்ள இயலாத குடும்பங்களுக்கு மெட்ரோவும் பேருந்துமே துணை.

தமிழகத்திலிருந்து வருவோருக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. அங்கு ஏப்ரலில் தேர்வுகள் முடிந்து, ஜூன் தொடக்கத்தில் பள்ளிகள் திறந்துவிடும். எனவே, குழந்தைகளுடன் தலைநகரைப் பார்க்க அவர்களுக்குக் கிடைப்பது மே மாதம்தான். தில்லி தகிக்கும் மாதமும் அதுவே. சென்னை வெயில் வியர்க்க வைக்கும். தில்லி வெயில் அந்த வியர்வையையே உலர்த்திவிடும். 'லூ' எனப்படும் அனல் காற்று வீசும் நாள்களில், உடலில் நீர் வற்றுவது தெரியாமலேயே மயக்கம் வந்துவிடும். 2024 மே 29-ஆம் தேதி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. அங்கு அதற்கு முந்தைய 79 ஆண்டுகளில் அவ்வளவு வெப்பம் பதிவானதில்லை.

இந்த வெயிலில் ஊர் சுற்றிப் பார்ப்பவர்களுக்கு ரயில் பயணம் ஒரு சிரமமே இல்லை. குளிரூட்டப்பட்ட பெட்டியில் அரை மணி நேரம் நின்றுகொண்டே போனாலும் களைப்புத் தெரியாது. சிரமம் தொடங்குவது ரயிலை விட்டு இறங்கி, நிலையத்தின் வாசலைத் தாண்டிய பிறகுதான்.

எட்டிலிருந்து 390 வரை: 2002 டிசம்பர் 24-ஆம் தேதி அன்றைய பிரதமர் வாஜ்பாய், ஷாஹ்தரா-தீஸ் ஹஸாரி இடையே முதல் மெட்ரோ ரயிலைத் தொடங்கிவைத்தபோது அதன் நீளம் ஏறத்தாழ 8 கி.மீ. மட்டுமே. மறுநாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டதும், எங்கும் செல்ல வேண்டிய தேவை இல்லாதவர்கள்கூட ரயிலில் ஏறிப் பார்ப்பதற்காகவே திரண்டனர். நொய்டா, குருகிராம் தடங்களையும் சேர்த்தால் இன்று இந்த வலையமைப்பு 390 கி.மீ.-க்கும் அதிகம். 2025 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, ரக்ஷா பந்தனுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையன்று, ஒரே நாளில் 81 லட்சத்துக்கும் அதிகமான பயணங்கள் பதிவாயின. விடுமுறைக் கூட்டம் வெள்ளிக்கிழமை மாலையே தொடங்கிவிடுகிறது என்பதற்கு இதுவே சான்று.

ஞாயிறு சலுகை: மெட்ரோ கட்டணம் 2025 ஆகஸ்டில் உயர்த்தப்பட்டது. அதன்படி திங்கள் முதல் சனி வரை குறைந்தபட்சக் கட்டணம் 11 ரூபாய்; அதிகபட்சம் 64 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளிலும் தேசிய விடுமுறை நாள்களிலும் பெரும்பாலான தொலைவுகளுக்குக் கட்டணம் குறைவு. எடுத்துக்காட்டாக, 12 முதல் 21 கி.மீ. வரையிலான பயணத்துக்கு மற்ற நாள்களில் 43 ரூபாய். ஞாயிறன்று 32 ரூபாய். நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று அவ்வளவு தொலைவு சென்று திரும்பினால் சனிக்கிழமை 344 ரூபாய் ஆகும். அதே பயணத்தை ஒரு நாள் தள்ளிவைத்தால் 256 ரூபாய். மிச்சமாகும் 88 ரூபாய், அன்றாடம் உழைத்துப் பிழைப்பவர்களுக்குச் சிறு தொகை அன்று. மூன்று அடிக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகள் பெரியவர்களுடன் வந்தால் டிக்கெட் தேவையில்லை.

சலுகை ஞாயிறன்று மட்டும் என்பதால் கூட்டமும் அன்றே கூடுகிறது. இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம் ஆகியவற்றுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. ஆகவே, ஞாயிறன்று விட்டதைத் திங்களன்று பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியூர்க்காரர்கள் திட்டமிட முடியாது.

பெயரில் மட்டும் அருகில்: எல்லா இடங்களும் நிலையத்திலிருந்து ஒரே தொலைவில் இல்லை. 2017 மே மாதம் ஊதா நிறத் தடம் காஷ்மீரி கேட் வரை நீட்டிக்கப்பட்டபோது தில்லி கேட், ஜாமா மசூதி, லால் கிலா ஆகிய நிலையங்கள் திறக்கப்பட்டன. அதற்கு முன்பு செங்கோட்டைக்குச் செல்வோர் சாந்தினி சௌக் நிலையத்தில் இறங்கி, நெரிசலான கடைத்தெரு வழியாக நடக்கவோ சைக்கிள் ரிக்ஷாவில் செல்லவோ வேண்டியிருந்தது. இப்போது லால் கிலா நிலையத்திலிருந்து வெளியே வந்தாலே கோட்டை கண்ணில் படும். அக்ஷர்தாமும் அப்படியே, அதே பெயருள்ள நீலத் தட நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். தாமரைக் கோயிலுக்குக் கால்காஜி மந்திர் நிலையம் அருகில் இருக்கிறது. தில்லித் தமிழர்கள் கூடும் மலை மந்திர் முருகன் கோயில் அமைந்துள்ள ஆர்.கே.புரம் பகுதிக்கும் 2018 மே மாதம் மேஜந்தா தடம் வந்து சேர்ந்தது.

குதுப் மினாரின் கதை வேறு. 2010-இல் திறக்கப்பட்ட நிலையத்துக்கு அந்தப் பெயர் இருந்தாலும், நினைவுச் சின்னம் அங்கிருந்து ஒன்றரை கிலோ மீட்டருக்குக் குறையாது. பெயரை நம்பி இறங்கியவர்கள், சாலையில் நின்று கோபுரத்தைத் தேடுவது வழக்கம். ஹுமாயூன் கல்லறைக்கு ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 2 கி.மீ. மத்திய தலைமைச் செயலக நிலையத்திலிருந்து இந்தியா கேட்டுக்கும் ஏறக்குறைய அதே தொலைவு. இந்தியா கேட் வழியாகச் செல்லும் புதிய மெட்ரோ தடத்துக்கு 2025 டிசம்பரில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அது வந்து சேரும் வரை வெயிலில் நடப்பது அல்லது பேரம் பேசுவது என்ற இரண்டு வழிகளே உள்ளன.

மார்கழிக் குளிரில் 2 கி.மீ. நடப்பது இன்பம். மே மாத நண்பகலில் அதுவே ஆபத்து. முதியவர்களும் குழந்தைகளும் துவண்டுபோவது இந்தத் தொலைவில்தான். வெளியூர்க்காரர்கள் என்று தெரிந்ததும் ஆட்டோக்காரர்கள் கேட்கும் தொகை ஏறிவிடுவதும் இங்கேதான். ரயிலில் மிச்சப்படுத்திய பணம் வாசலிலேயே செலவாகிவிடுகிறது. பலருக்குக் கைகொடுப்பவை பேட்டரியில் ஓடும் இ-ரிக்ஷாக்களே. 2014-இல் தில்லி உயர் நீதிமன்றம் அவற்றுக்குத் தடை விதித்தது. 2015-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தம் செய்யப்பட்டு அவற்றுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. ஒவ்வொருவரிடமும் சிறு தொகை வாங்கிக்கொண்டு நான்கைந்து பேரை ஏற்றிச் செல்லும் இந்த வண்டிகள் இல்லாவிட்டால், பல நிலையங்கள் பாதிப் பயன்கூடத் தரமாட்டா.

பேருந்தின் நிலை: கடைசி கிலோ மீட்டரை உண்மையில் நிரப்ப வேண்டியது பேருந்துதான். 2010 காமன்வெல்த் போட்டிகளையொட்டி, தாழ்தளப் பேருந்துகள் பெரும் எண்ணிக்கையில் வந்தன. சிவப்பு நிறம் என்றால் குளிர்சாதன வசதி உள்ளது. பச்சை நிறம் என்றால் இல்லாதது. 2022 முதல் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மெட்ரோ நிலையங்களையும் குடியிருப்புகளையும் இணைப்பதற்காக 9 மீட்டர் நீளமுள்ள 'தேவி' சிறு பேருந்துகள் 2025 மே மாதம் அறிமுகமாயின.

2019 அக்டோபர் 29-ஆம் தேதி பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கப்பட்டது. செலவுக்கு அஞ்சி வீட்டிலேயே இருந்த பெண்கள் குழந்தைகளுடன் வெளியே வர அது வழிவகுத்தது. இச்சலுகையை தில்லியில் வசிக்கும் பெண்களுக்கான அட்டைத் திட்டமாக மாற்றப்போவதாக 2025-இல் தில்லி அரசு அறிவித்தது. எனவே, வெளியூரிலிருந்து வருவோர் டிக்கெட்டுக்குச் சில்லறை வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால், பேருந்து எவ்வளவு குளுமையாக இருந்தாலும் அதற்காகக் காத்திருக்கும் இடம் குளுமையாக இல்லை. பல நிறுத்தங்களில் உள்ள எஃகு நிழற்குடைகள் நண்பகலில் தாமே அனலைக் கக்குகின்றன. அவற்றின் இருக்கையில் உட்காரவும் முடியாமல், அருகிலுள்ள வேப்ப மரத்தடியில் ஒண்டிக்கொண்டு பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்ப்பவர்களைக் கோடை முழுவதும் காணலாம்.

அனுபவஸ்தர்களின் வழி: ஆண்டுக்கணக்காக மெட்ரோவில் செல்பவர்கள் கோடை ஞாயிறை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். நிலையத்திலிருந்து தொலைவில் உள்ள இடங்களுக்கு அதிகாலையில் புறப்படுவார்கள். வெயில் உச்சிக்கு வருமுன் திரும்பிவிடுவார்கள், அல்லது குளிர்சாதன வசதியுள்ள அருங்காட்சியகத்தில் பொழுதைக் கழிப்பார்கள். அக்ஷர்தாம், இந்தியா கேட் போன்றவற்றை மாலைக்கு ஒதுக்கிவிடுவார்கள்.

வழித்தடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. கரோல் பாகில் தங்கியிருப்பவர்கள் செங்கோட்டைக்குச் செல்ல ராஜீவ் சௌக்கில் இறங்கி, காஷ்மீரி கேட்டில் மீண்டும் மாற வேண்டியதில்லை. அதே நீலத் தட ரயிலில் மண்டி ஹவுஸ் வரை சென்று, ஊதாத் தடத்துக்கு மாறினால் போதும். ஒரு மாற்றம் மிச்சம். ராஜீவ் சௌக் நெரிசலில் குழந்தைகளைத் தவறவிடும் அச்சமும் இல்லை. ரயில் செல்லும் திசையில் முதல் பெட்டி 2010 முதல் பெண்களுக்கானது. ஆண்கள் அதில் ஏறக்கூடாது என்பதால் குடும்பமாகச் செல்வோர் வேறு பெட்டியில் ஏற வேண்டும். பிரிந்து ஏறுவதென்றால், இறங்கும் நிலையத்தையும் சந்திக்கும் இடத்தையும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கான நேரம்?: ஸ்மார்ட் கார்டு வைத்திருப்போருக்குக் கட்டணத்தில் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. காலை 8 மணிக்கு முன்பும், நண்பகல் 12 முதல் மாலை 5 மணி வரையும், இரவு 9 மணிக்குப் பின்பும் கூடுதல் தள்ளுபடி தரும் ஏற்பாடு 2017-இல் வந்தது. அலுவலக நேரத்தை மனத்தில் வைத்து வகுத்த கணக்கு இது. இதில் நண்பகல் 'நெரிசல் இல்லாத நேரம்'. கோடையில் சுற்றிப் பார்க்க வரும் குடும்பத்துக்கோ அது வெளியில் தலைகாட்டக் கூடாத நேரம்.

அலுவலகம் செல்பவர் தன் நிலையத்தை அறிவார்; குறுக்கு வழியை அறிவார்; எந்த ஷேர் ரிக்ஷா எங்கே நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியும். விடுமுறைக் கூட்டத்தில் வரும் பாட்டிக்கும் பேரனுக்கும் இவை எதுவும் தெரியாது. அவர்களுக்குத் தேவை மற்றொரு சுரங்கப் பாதை அன்று. நிலைய வாசலில் குடிநீர், நிழல் தரும் நடைபாதை, குதுப் மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் சனி, ஞாயிறுகளில் தவறாமல் சென்று திரும்பும் சிறு பேருந்து, அது எங்கே நிற்கும் என்று சொல்லும் பலகை ஆகியவையே போதும். பல ஆயிரம் கோடி ரூபாயில் அமைந்த ரயில் பாதையோடு ஒப்பிட்டால் இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆனால், கோடை ஞாயிறன்று ஓர் ஏழைக் குடும்பம் வீட்டை விட்டுக் கிளம்புவதா வேண்டாமா என்பதை இவையே முடிவு செய்கின்றன.