காரின் குளிர்சாதனத்தில் வாயுக் கசிவு: கண்டறிதலும் சீர்செய்தலும்

கோடைக் காலத்தில் காரின் குளிர்சாதனம் போதிய குளிர்ச்சி தராதபோது, "காஸ் தீர்ந்துவிட்டது; நிரப்பினால் சரியாகிவிடும்" என்று பட்டறைகளில் கூறுவது வழக்கம். இக்கூற்றின் முற்பகுதி பிழையானது. பிற்பகுதி தீமை பயப்பது. பெட்ரோல் எரிந்து தீர்வது போலக் குளிரூட்டும் வாயு தீர்வதில்லை. அது மூடிய குழாய்ச் சுற்றுக்குள் மீண்டும் மீண்டும் சுழன்று வருவது. ரப்பர்க் குழாய்களின் சுவர் வழியே ஆண்டுதோறும் சிறிதளவு வெளியேறுதல் இயல்பே. எனினும், ஓரிரு கோடைகளுக்குள் குளிர்ச்சி குன்றுமளவு அது குறைந்திருப்பின், கசிவு ஒன்று உண்டென்பது தெளிவு. அதனை அடைக்காமல் வாயுவை நிரப்புதல் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதையே ஒக்கும்.

காரில் கசிவு மிகுவதேன்?

கம்ப்ரஸர் வாயுவை அமுக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னுள்ள கண்டென்ஸரில் அது வெப்பத்தை இழந்து திரவமாகிறது. பின்னர் விரிவு வால்வின் நுண்துளை வழியே அழுத்தம் குறைந்து, ஆவியாக்கியில் கொதித்து, காருக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தைக் கவர்கிறது. கார்களில் பெரிதும் பயன்படும் ஆர்-134ஏ என்னும் பொருள், சாதாரண வாயுமண்டல அழுத்தத்தில் பூஜ்யத்திற்குக் கீழ் 26 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதிக்க வல்லது.

வீட்டு ரெப்ரிஜிரேட்டரில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே உலோகக் கூட்டினுள் பற்றவைத்து மூடப்பட்டுள்ளன. பெரும்பாலான கார்களிலோ, கம்ப்ரஸரின் தண்டு வெளியே நீண்டு, எஞ்சினின் பெல்டால் சுழற்றப்படுகிறது. எஞ்சினின் அதிர்வைத் தாங்க ரப்பர்க் குழாய்களும் தேவைப்படுகின்றன. ஆகவே தண்டைச் சூழ்ந்த சீல், இணைப்புகளிலுள்ள ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையங்கள், கல் தெறித்துச் சேதமுறும் கண்டென்ஸர், அரிப்புக்கு உள்ளாகும் ஆவியாக்கி, வாயு நிரப்பும் வாயில்களிலுள்ள சிறு வால்வுகள் ஆகியவையே கசிவுக்குரிய முக்கிய இடங்களாம்.

கண்டறியும் முறைகள்

முதற் கருவி கண்ணே. கம்ப்ரஸரை மசகிடும் எண்ணெய் வாயுவுடன் கலந்து சுழல்வதால், கசியுமிடத்தில் எண்ணெயும் வெளிப்பட்டுப் புழுதி படிந்த கறையாகத் தோன்றும். அங்குச் சோப்பு நீரைத் தடவினால், பெருங் கசிவு குமிழிகளால் வெளிப்படும். நுண்ணிய கசிவுக்கு மின்னணுக் கண்டுணர் கருவி தேவை. வாயு காற்றினும் கனமானதாகையால், கருவியின் முனையை இணைப்பின் அடிப்பக்கத்தில் மெதுவாக நகர்த்த வேண்டும். ஆவியாக்கி டாஷ்போர்டின் உள்ளே மறைந்திருப்பதால், குளிர்சாதனத்தையும் விசிறியையும் நிறுத்திச் சிறிது நேரம் கழித்து, நீர் வடியும் குழாயின் வாயில் சோதித்தல் நன்று. எண்ணெயில் ஒளிர்சாயம் கலந்து சில நாட்கள் ஓட்டியபின், புற ஊதா விளக்கொளியில் பார்ப்பது மற்றொரு முறை.

அழுத்தமானியை மட்டும் நம்புதல் தவறு. எஞ்சின் நின்றிருக்கையில், 30 டிகிரி வெப்பநிலையில் அது சுமார் 6.7 பார் காட்டும். உள்ளே சிறிதளவேனும் திரவம் எஞ்சியிருக்கும் வரை, வாயு முழு அளவு இருப்பினும் பாதியே இருப்பினும் இவ்வழுத்தம் மாறாது.

முன்னாளில் வழங்கிய ஆர்-12 வாயுவில் குளோரின் இருந்தது. கசிந்த வாயு செம்புத் தகட்டுடன் கூடிய சுடர் விளக்கில் பட்டதும் சுடர் பச்சையாகும். ஆர்-134ஏ-வில் குளோரின் இல்லாததால் அச்சோதனை இன்று பயன்படாது. மேலும், இவ்வாயு தீச்சுடரில் சிதைந்தால் நச்சுத்தன்மையுள்ள ஹைட்ரஜன் புளோரைடு உண்டாகும்.

சீர்செய்யும் முறை

எஞ்சிய வாயுவை வெளியே விடாமல், மீட்பு யந்திரத்தால் சிலிண்டரில் சேகரித்த பின்னரே இணைப்பைக் கழற்ற வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணிதல் அவசியம். திரவம் பட்டால் தோலும் கண்ணும் உறைந்து புண்ணாகும். பழுதான வளையத்தை மாற்றும்போது, அவ்வாயுவுக்கு ஏற்ற ரப்பராலானதையே எண்ணெய் தடவிப் பொருத்த வேண்டும்.

அடுத்து, உலர்ந்த நைட்ரஜனை ரெகுலேட்டர் வழியே, தயாரிப்பாளர் குறித்த அழுத்தத்திற்கு மேற்படாமல் செலுத்திச் சோதிக்கலாம். ஆக்ஸிஜனை ஒருபோதும் செலுத்தலாகாது. எண்ணெயுடன் சேர்ந்து அது வெடிக்கும். மானி 10 பார் காட்டும்போது வெப்பநிலை 35 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்குத் தணிந்தால், கசிவு இன்றியே அழுத்தம் சுமார் 0.36 பார் குறையும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பின்னர் வெற்றிடப் பம்பை இயக்க வேண்டும். வெற்றிடத்தில், உள்ளே புகுந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். ஈரம் தங்கினால் விரிவு வால்வில் பனிக்கட்டியாக உறையும், அமிலமும் தோன்றும். இறுதியாக, காரில் ஒட்டப்பட்ட சீட்டில் குறித்த அளவு வாயுவைத் தராசில் நிறுத்தே நிரப்புக.

இழப்பின் அளவு

கசிவைப் புறக்கணித்தால், எண்ணெயும் குறைந்து கம்ப்ரஸர் பழுதாகும். சூழலுக்கு விளையும் கேடு இதனினும் பெரிது. ஆர்-12 ஓஸோன் படலத்தைச் சிதைப்பது. 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கையால் அது விலக்கப்பட்டது. ஆர்-134ஏ ஓஸோனைச் சிதைப்பதில்லை. ஆயினும், 2007-ஆம் ஆண்டின் சர்வதேச மதிப்பீட்டின்படி, நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் 1,430 மடங்கு புவியை வெப்பமாக்க வல்லது. அரைக் கிலோ கசிந்தால், அது 715 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். சுமார் 310 லிட்டர் பெட்ரோலை எரித்தால் வெளிப்படும் அளவு இது. மாணவர்கள் தாமே செய்து பார்க்கத்தக்க கணக்கு இது. இவ்வகைப் பொருள்களைக் குறைப்பதற்கான 2016-ஆம் ஆண்டின் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது.

சீர்செய்த நாள், கசிந்த இடம், நிரப்பிய எடை ஆகிய மூன்றையும் குறித்துவைத்தல் நன்று. மறு கோடையில் குளிர்ச்சி குன்றினால், எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதை அக்குறிப்பே காட்டும்.