நிறுத்தம் வரை நடக்கும் தூரம்

பஸ் வழித்தடம் போடுவது என்றால் மேப்பில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு கோடு இழுப்பதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் வரைபட வேலை பார்ப்பவன். குடியிருப்பது புனே பக்கத்து ஆகுர்டியில். அந்தக் கோட்டைக் கடைசியில்தான் போட வேண்டும் என்பேன். வீட்டு வாசலிலிருந்து நிறுத்தம் வரை ஓர் ஆள் எப்படி நடந்து போவார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பழைய மும்பை–புனே நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் புனே–லோனாவ்ளா ரயில் பாதை. நடுவே பிராதிகரண் என்ற குடியிருப்புப் பகுதி. தண்டவாளத்துக்கு அப்பால் ராவேத். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் சிகலி சாலையும் தொழிற்பேட்டைகளும்.

ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் முறைமையில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்கு. சாலை ஓர் அடுக்கு; நிறுத்தங்கள் ஓர் அடுக்கு; பள்ளி, ஆஸ்பத்திரி, ஆலை இன்னோர் அடுக்கு. க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். சிக்கல் மக்கள் தொகை அடுக்கில்தான். 2011 கணக்கெடுப்பில் பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சியில் இருந்தவர்கள் சுமார் 17 லட்சம் பேர். ராவேத்திலும் சிகலியிலும் அடுக்குமாடிகள் எழுந்தது பெரும்பாலும் அதற்குப் பிறகு. பழைய எண்ணிக்கையை அப்படியே நம்பினால் பஸ் இந்த அடுக்குமாடிகளைத் தொடாமலேயே போய்விடும். ஆகவே செயற்கைக்கோள் படத்தில் கட்டடங்களை எண்ணி, மாடிகளைக் கணக்கிட்டு, தொகையைத் திருத்த வேண்டும்.

அடுத்தது நடைதூரம். நிறுத்தத்திலிருந்து 400 அல்லது 500 மீட்டருக்கு வட்டம் போட்டு, உள்ளே இருப்பவர்களுக்கெல்லாம் பஸ் வசதி உண்டு என்று எழுதிவிடுவது வழக்கம். எனக்கு இந்த வட்டத்தின் மேல் தீராத கோபம் உண்டு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து வீடும் வட்டத்துக்குள்தான் வரும். ஆனால் அங்கிருப்பவர் மேம்பாலத்தையோ சுரங்கப் பாதையையோ தேடி ஒரு கிலோமீட்டர் சுற்றி வர வேண்டியிருக்கும். சாலை வழியே தூரத்தை அளக்கும் கருவியும் அதே மென்பொருளில் இருக்கிறது. அதை ஓட்டினால் நிறுத்தத்திலிருந்து நிறம் தெருத் தெருவாகப் பரவி, தண்டவாளம் வந்ததும் நின்றுவிடும். குடியிருப்புச் சங்கத்தின் பின்கேட் பூட்டியிருந்தால் அங்கேயும் நிற்கும். வட்டத்துக்குள் வந்த வீடுகளில் எத்தனை வெளியே விழுகின்றன என்பதை அந்தத் திரையில் பார்த்தால் மனசு ஆறாது.

மேப்பில் வராததைத் தெருவில்தான் கேட்க வேண்டும். ஸ்டேஷன் பக்கம் காலையில் இட்லி விற்கும் நம்மூர் அக்கா சொன்னார்: "பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்குது தம்பி, ஜனம் இந்தப் பக்கம் நிக்குது." ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் எங்கே சாலையைக் கடக்கிறார்கள் என்று அவருக்கு அத்துப்படி. அந்த இடங்களை ஜி.பி.எஸ். புள்ளிகளாகக் குறித்துவந்து நானும் ஓர் அடுக்காகச் சேர்த்தேன்.

இனி காசுக் கணக்கு. ஆகுர்டி ஸ்டேஷனிலிருந்து சிகலிப் பக்கம் 8 கிலோமீட்டருக்கு ஒரு தடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 16 கி.மீ. வேகமென்றால் ஒரு நடை 30 நிமிடம். போக வர ஒரு மணி நேரம். இரு முனையிலும் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் 75 நிமிடம். 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் விட 5 வண்டிகள் வேண்டும். உள்தெருக்களுக்குள் புகுந்து வந்தால் நடைதூரம் குறையும். ஆனால் சுற்று 90 நிமிடமாகும், ஆறாவது வண்டி தேவைப்படும். யாரை நடக்கவிடுவது, யாரைப் பஸ்ஸில் கூடுதல் நேரம் உட்காரவைப்பது என்ற முடிவை மென்பொருள் எடுக்காது. மனிதர்கள்தான் எடுக்க வேண்டும். முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதிகமுள்ள தெரு என்றால், ஆறாவது வண்டியைக் கேட்டு வாங்குவதே நியாயம்.

போட்ட தடம் நிரந்தரமும் அல்ல. ஜ்யேஷ்ட மாதத்தில் தேஹுவிலிருந்து புறப்படும் துக்காராம் மகாராஜ் பல்லக்கு ஊர்வலம் ஆகுர்டி விட்டல் கோயிலில் தங்கும். அப்போது மாற்று வழி தயாராக இருக்க வேண்டும். பி.சி.எம்.சி. (பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சி) நிலையத்திலிருந்து நிக்டிக்கு மெட்ரோவை நீட்டிக்க 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அந்தப் பாதையில் ஆகுர்டிக்கும் ஒரு நிலையம் உண்டு. மெட்ரோ ஓடத் தொடங்கியதும் இணைப்புப் பஸ்களின் வரைபடத்தைப் புதிதாகவே போட வேண்டியிருக்கும்.

இந்த வேலையில் நீங்களும் உதவலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் செய்யலாம். என்னைப் போன்றவர்கள் சாலைத் தரவை எடுப்பது பெரும்பாலும் அதிலிருந்துதான். உங்கள் தெருவிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகும் சந்தும், நடைமேம்பாலமும், பூட்டிய கேட்டும் அதில் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் நீங்களே சேர்த்துவிடுங்கள்.